கண்ணுக்கு மறையாத விருந்தினர்

“எதுவரைக்கும் குனிஞ்சு நிக்கணும் மேடம்?” என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். “விருந்தினர் கண்ணுக்கு மறையிற வரைக்கும்” என்று ஆசிரியை பதில் சொன்னார். அந்தப் பதிலால், ஜப்பானிலிருந்து வந்து போன ஒருவர் பன்னிரண்டு நாட்கள் யார் கண்ணுக்கும் மறையாமல் இருந்தார்.

வகுப்பு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நடந்தது. ஆசிரியை ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், அதில் ஆறு வருடம் ஜப்பானில். பெயர்ப் பலகையில் ‘பன்னாட்டு வணிகப் பழக்கவழக்கங்கள்’ என்று எழுதியிருந்தார். தெருவில் எல்லோரும் அதைக் ‘குனியற கிளாஸ்’ என்றார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதைப் பின்பாக்கெட்டில் போட்டு அதன் மேல் உட்காரக் கூடாது, எதிரே இருப்பவர்கள் அமர்ந்திருக்கும் வரிசையிலேயே கார்டுகளை மேசையில் அடுக்க வேண்டும், கதவிலிருந்து தூரமான நாற்காலி பெரியவருக்கு, கதவோரம் சின்னவருக்கு, பேச்சு நடுவே அமைதி வந்தால் பதறிப்போய் அதை நிரப்பக் கூடாது. கணக்கு வாத்தியார் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய பெரிய மரக் கோணமானியை வைத்துப் பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து டிகிரி என்று மாணவர்கள் பதினொரு பேரின் முதுகையும் அளந்தார். முதுகு பலகை மாதிரி இருக்க வேண்டும், கழுத்து தொங்கக் கூடாது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு ‘ஏன்’ என்று பெயர் விழுந்திருந்தது. முதல் நாளிலிருந்து அவள் பெரும்பாலும் அதைத்தான் கேட்டாள். ஆசிரியை ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

ஏனுடைய தாய்மாமாவுக்கு இந்தப் படிப்பில் துளியும் மரியாதை இல்லை. அவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அக்காவையும் அக்கா மகளையும் தன் வீட்டு மாடியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர், ஆகையால் பேசும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தார். “குனியறதுக்கு ஒரு படிப்பாம். எங்கடையில தரை துடைக்கிற அம்மா நாள் பூராவும் குனியுது, அதுக்கு நான் டாக்டர் பட்டமா குடுத்தேன்?” என்பார். கடையின் பில் போடும் நாற்காலியை அவளுக்காகக் காலியாக வைத்திருந்தார். வகுப்பிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க வரும் ஜப்பான் நிறுவனத்தின் ஆள் வந்து போன பிறகு இரண்டாவது திங்கட்கிழமை வரை அவகாசம். அதற்குள் பதில் வந்தால் அவள் ஜப்பானுக்குப் போகலாம், வராவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை அவள் பில் போட வேண்டும். அவள் தலையாட்டினாள். அவளுக்குப் போக வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்ததென்றால், மூன்று மாதமாக அவள் பல் துலக்கும்போதுகூட முதுகை முப்பது டிகிரியில்தான் வைத்திருந்தாள்.

விருந்தினர் ஒரு புதன்கிழமை காலை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, கீழே டயர்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மாடியேறினார். வெளிர்சாம்பல் கோட்டு, ஒல்லி உடம்பு, ஐம்பது வயது இருக்கும். எடுத்தால் பதினொரு பேரையும் எடுப்பது, இல்லாவிட்டால் ஒருவரையும் எடுப்பதில்லை என்பது அவருடைய நிறுவனத்தின் முறை. எல்லாம் நன்றாகவே நடந்தது. முடிவு எப்போது தெரியும் என்று ஆசிரியை கேட்டபோது மட்டும் அவர் தலையைச் சாய்த்துப் பல் இடுக்கில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தார். அப்படி இழுத்தால் அந்த நாட்டில் காரியம் கஷ்டம் என்று பொருள். நான்காவது வாரமே அதைப் பாடமாக நடத்தியிருந்ததால் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்து டாக்சியில் ஏற்றினார்கள். டாக்சி நகர்ந்ததும் பதினொரு முதுகும் நாற்பத்தைந்து டிகிரிக்குச் சாய்ந்தன. டாக்சி தெருமுனையில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டி இடதுபுறம் திரும்பியது. டாக்சி மறைந்தது, விருந்தினர் மறையவில்லை. பெட்ரோல் பங்க்கின் சுவருக்கு ஊடாகவே, உட்கார்ந்த நிலையில், கோட்டுப் பொத்தான் வரை தெளிவாகத் தெரிந்தார். தூரம் போகப் போகச் சிறுத்துக் கட்டைவிரல் அளவுக்கு வந்தார். அதற்கு மேல் சிறுக்கவில்லை. அவரைச் சுற்றி ஒரு பெரிய அறை அளவுக்கு உள்ளதும் சேர்ந்து தெரிந்தது. விமான நிலையத்தில் அவர் பெல்ட்டைக் கழற்றியதைப் பார்த்து டயர் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் இடுப்பு வலி தாங்காமல் நிமிர்ந்துவிட்டார்கள். யாராவது ஒருவர் குனிந்திருக்கும்வரை விருந்தினர் தெரிகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியாகக் குனிந்திருந்தவன் கடிகாரம் என்ற பையன், நேரம் தவறாததால் அந்தப் பெயர். “எவனாவது சீக்கிரம் குனிங்கடா, எனக்கு மூக்கு அரிக்குது” என்றான். பக்கத்தில் நின்ற ஏன் உடனே குனிந்தாள்.

அன்று மாலையே ஷிஃப்ட் அட்டவணை போட்டு டயர் கடை ஷட்டரில் ஒட்டினார்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம், இரவும் பகலும். டயர் கடைக்காரர் வயிற்றுக்கு முட்டுக் கொடுக்க ஒரு லாரி டயர் தந்தார். முதுகு வளையும் என்று ஆசிரியை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விருந்தினர் தன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வாசலில் எழுபது பேர் நின்றார்கள்.

அவருடைய இடம் கதவை ஒட்டி இருந்தது. வரிசையின் கடைசி மேசை. இவர்கள் மூன்று மாதம் ஒத்திகை பார்த்துக் கதவுக்கு மிகத் தூரமான நாற்காலியில் உட்காரவைத்த மனிதர், அங்கே எல்லோருக்கும் கீழே இருந்தார். “அப்ப நம்ம கிட்ட வந்தப்பதான் அவரு பெரியாளா இருந்திருக்காரு” என்று டயர் கடைக்காரர் சொன்னார். அது கேலியாக இல்லை. அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவரை ‘அந்தாளு’ என்று சொன்னதில்லை, ‘நம்மாளு’ என்றே சொன்னார்கள்.

நம்மாள் வேலையைத் தொடங்கினார். சத்தம் கேட்காததால் ஆசிரியை பந்தயத்துக்கு வர்ணனை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு முன்பு வேர்களைச் சுற்றி ஒவ்வொன்றாக மண்ணைத் தளர்த்துவார்கள், அதுபோல அங்கே கூட்டம் போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதம் வாங்கிவிடுவார்கள் என்று பாடத்தில் இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டு வரியைத் தெரு நாள்கணக்கில் பார்த்தது. காபி இயந்திரத்தருகே ஒருவரை, மாடிப்படியில் ஒருவரை, புகைபிடிக்கும் அறையில் ஒருவரை என்று நம்மாள் பிடித்தார். “இப்ப அந்தக் கண்ணாடிக்காரர் பேச மாட்டார் பாருங்க. நம்மாளும் பேச மாட்டார். நாலு, அஞ்சு, ஆறு… தலையாட்டிட்டார்” என்று ஆசிரியை சொன்னதும் வாசலே மூச்சு விட்டது. அந்தப் பழக்கம் தெருவிலும் தொற்றியது. வாட்ச் ரிப்பேர்காரர் மீதிச் சில்லறையை இரண்டு கையால் கொடுத்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் ஐந்து நொடி பொறுத்தார். இதனால் சில சண்டைகள் பாதியிலேயே மறந்துபோயின. ஏனுடைய மாமா கடைக்குப் போகும் வழியில் சும்மா எட்டிப் பார்ப்பதுபோல வந்து, பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் தர மறுத்தார்.

ஏழாம் நாள், பதினொரு பேரையும் எடுக்கச் சம்மதம் கேட்கும் காகிதம் கிளம்பியது. ஒன்பது பேர் அதில் சிவப்பு முத்திரை வைக்க வேண்டும். பதவியில் கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலே இருப்பவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பார், முத்திரையும் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதற்காக. நம்மாளின் முத்திரை படுக்கப்போவதுபோலச் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு மேசையாக எட்டு முத்திரை விழுந்தன. எட்டாவது விழுந்தபோது கடிகாரம் டயர் மேல் ஏறி ஆடினான். ஒன்பதாவது, கதவுக்கு மிகத் தூரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தலைப் பெரியவருடையது. காகிதம் அவர் மேசைத் தட்டில் போய்ப் படுத்தது. ஒருநாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. பெரியவர் அதை எடுக்கவில்லை. மாமாவின் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தன் ஷிஃப்ட் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏன், பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துவிட்டு, “மேடம், அங்க போனதுலேர்ந்து அவரு ஏன் உட்காரவே மாட்டேங்கிறாரு?” என்று கேட்டாள். நம்மாள் அலுவலகத்தில் நின்றபடியே வேலை செய்தார். வீட்டுக்குப் போனாலும் வாசற்படிக்கு உள்ளே காலணியோடு நின்றார், மனைவி தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், கோட்டைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். சில நிமிடத்துக்கு ஒருமுறை இவர்கள் இருக்கும் திசைக்குத் திரும்பித் தலை வணங்கினார். அவருடைய சின்ன மகள் அப்பா யாரை வணங்குகிறார் என்று சுவரைத் தடவிப் பார்த்தாள். “வழியனுப்புறவங்க நிமிர்ற வரைக்கும் போறவரும் திரும்பித் திரும்பி வணங்கணும். நாம இன்னும் அனுப்பி முடிக்கலை. அவரு இன்னும் போய்ச் சேரலை” என்றார் ஆசிரியை. எப்போது தெரிந்தது என்று அவள் கேட்டாள். மூன்றாம் நாளே தெரியும், ஆனால் அந்த ஊரைப் பார்த்துப் பதினாலு வருஷமாச்சு, நிமிரச் சொல்ல மனசு வரலை என்றார் ஆசிரியை.

அன்றே நிமிர்ந்துவிடலாம் என்று அவள் கத்தியிருக்கலாம், கூட்டம் போட்டிருந்தால் பத்துக்கு ஒன்று என்று தோற்றிருப்பாள். அவள் கூட்டம் போடவில்லை. சனிக்கிழமை ஒருவனை பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள், ஒருத்தியை அவள் துணி காயப்போடும் மாடியில் பார்த்தாள், இருவரை மருந்துக் கடை வரிசையில் பார்த்தாள், மீதிப் பேரையும் இப்படியே பிடித்தாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அமைதியாக நின்றாள். கடிகாரம்தான் கடைசி வேர். “உனக்குத்தான்டி திங்கட்கிழமை கெடு. முத்திரை விழுந்துச்சான்னு தெரியாமப் போனா உங்க மாமா விடுவாரா?” என்றான். “விட மாட்டாரு” என்றாள் ஏன். அவன் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை யோசித்துவிட்டு, “திங்கட்கிழமை காலைல எட்டு மணி. ஒரு நிமிஷம் முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்” என்றான்.

அங்கே பொழுது முன்னதாகவே விடிந்துவிடும், இங்கே எட்டு மணி ஆகும்போது அங்கே நல்ல வேலை நேரம். குனியும் முறை ஏனுடையது. வாசலில் இருநூறு பேர் இருந்தார்கள். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு வெள்ளைத்தலைப் பெரியவர் தட்டில் கையை விட்டுக் காகிதத்தை எடுத்தார். தெரு ஒரே குரலில் முனகியது. அவர் முழுவதையும் படித்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார், அதன் மூடியைக் கழற்றினார். “ஏ புள்ள, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் குனிம்மா, உன் கால்ல விழறேன்” என்று மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடிகாரம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து “எட்டு” என்றான். அவள் நிமிர்ந்தாள். நம்மாளின் முழங்கால் மடங்குவதும், நாற்காலி அவரை வாங்கிக்கொள்வதும் தெரிந்தது. பிறகு பெட்ரோல் பங்க்கின் சுவர் வெறும் சுவராக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் டைல்ஸ் கடையில் பில் போட உட்கார்ந்தாள். கெடு கெடுதான் என்று மாமா சொல்லவில்லை, அவளாகவே வந்தாள். பில்லை இரண்டு கையாலும் நீட்டினாள், வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய்த் தாங்களும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். பத்தொன்பது நாள் அப்படிப் போனது. இருபதாம் நாள் கடிதம் வந்தது. பதினொரு பெயரும் இருந்தன. கூடவே அந்தக் காகிதத்தின் நகலும் இருந்தது. எட்டு முத்திரைகள் வழக்கம்போல மேலே இருப்பவரைப் பார்த்து இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பெரியவருக்கு மேலே யாரும் இல்லாததால் அவருடைய முத்திரை நேராக நிற்க வேண்டும். அது பெயர்கள் இருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆசிரியை கோணமானியை வைத்து அளந்தார், முப்பது டிகிரி. பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

விசா முதலில் ஏனுக்கு வந்தது. வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அவள் அம்மா அழுது முடித்திருந்தாள். தெருவுக்கு இப்போது விவரம் தெரியும், குனிந்து பத்து எண்ணிவிட்டு எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்துவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். டாக்சி நகர்ந்தது, குனிந்தார்கள், எண்ணினார்கள், நிமிர்ந்தார்கள். ஆனாலும் பெட்ரோல் பங்க்கின் சுவருக்கு ஊடாக அவள் தெரிந்துகொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தால் மாமா இன்னும் குனிந்திருந்தார். கோணமானி இல்லாமலே நாற்பத்தைந்து டிகிரி, முதுகு பலகை மாதிரி இருந்தது. டயர் கடைக்காரர் அவருக்குக் குடை பிடித்தார். மறுநாள் மதியம் அவள் ஒரு விடுதி வாசலில் பெட்டியோடு நின்றாள். உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்து அழைத்தார்கள். அவள் படியில் ஒரு காலை வைத்தாள், நின்றாள், இந்தப் பக்கம் திரும்பி வணங்கினாள். மறுபடி ஒரு காலை வைத்தாள், மறுபடி திரும்பினாள். “மச்சான், புள்ள உள்ள போகணும்” என்று டயர் கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். மாமா ஐந்து நொடி பொறுத்தார். முட்டியில் கைவைத்து நிமிர்ந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கடையைப் பார்த்து நடந்து போனார்.