இரவல் கட்டில்கள்

கட்டில்கள் பொழுது விடியும் முன்பே லாரியில் வந்து இறங்கிவிட்டன. நர்சம்மா ஒவ்வொன்றுக்கும் வெள்ளை விரிப்புப் போட்டு ஓரங்களைச் செருகிக்கொண்டே வந்தாள். எல்லாம் பெரிய டவுன் ஆஸ்பத்திரியின் சாமான்கள், ஒருநாள் இரவல். கடைசிக் கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் நின்றது.

"கசங்காம போடும்மா. விழா முடிஞ்சதும் நான் திருப்பிக் கொண்டுபோய் விடணும்" என்றார் லாரிக்காரர்.

"நகை இரவல் வாங்கிப் பாத்திருக்கேன். ஆஸ்பத்திரியே இரவல் வாங்கறத இப்பத்தாண்ணே பாக்கறேன்."

இந்தப் புது ஆஸ்பத்திரியைத் திறந்துவைக்க வரும் எம்.எல்.ஏ. அவளுக்கு வேற்றாள் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் கிளினிக் வைத்திருந்த காலமெல்லாம் அவரிடம்தான் வேலை பார்த்தாள். கல்குவாரி ஆட்களின் நெஞ்சில் வைக்குமுன் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வார். "இருமலுக்கு மருந்து எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. சட்டம் எழுதற எடத்துக்குப் போனாத்தான் இந்தத் தூசி அடங்கும்" என்று ஒருநாள் சொன்னார். தேர்தலில் நின்றார், வென்றார். கிளினிக் மூடிக்கொண்டது. அவர் நடையாய் நடந்து வாங்கியதில் கட்டடம் வந்தது. டாக்டரைப் போடும் உத்தரவு மட்டும் வரவில்லை.

ரிப்பன் வெட்டிய கைதட்டல் ஓயவில்லை. கல்லுடைக்கிறவன் ஒருவன் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினான். அவள் உதடுகள் நீலம் பூத்திருந்தன.

கட்சிச் செயலாளர் குறுக்கே கை நீட்டினார். "இன்னைக்கு விழாய்யா. நாளைக்கு வா."

"ஆஸ்பத்திரி தெறந்தாச்சுன்னு மைக்குல நீங்கதானுங்க சொன்னீங்க."

எம்.எல்.ஏ. மாலையைக் கழற்றி ஜன்னலில் மாட்டினார். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போனது. பேனாதான் இருந்தது. மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தார்.

"சிலிண்டரத் தெறம்மா" என்றார். நர்சம்மா திறந்தாள். அவரே முகமூடியைப் பொருத்தி, அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "மெதுவா இழு, தாயி. அவசரமே இல்ல. நான் எங்கயும் போகல."

"ஐயா, அடுத்த ஊர்ல கூட்டம் காத்துக்கிட்டிருக்கு" என்றார் செயலாளர்.

"காத்திருக்கறவங்களுக்கு மூச்சு இருக்குல்ல?"

டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டார். சிலிண்டரை இங்கேயே விட்டுவைக்கக் கேட்டார். அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்கக் கேட்க முகம் தொங்கிவிட்டது. "அங்கயும் மிச்சம் இது ஒண்ணுதானாம்" என்றார் நர்சம்மாவிடம். "இங்க வெச்சுப் பாக்க மருந்தும் இல்ல. இவள அங்க கொண்டுபோயிடுவோம்."

அவருடைய காரில் அவள் படுக்க இடமிருந்தது, சிலிண்டர் நிற்க இடமில்லை. ஆகவே கட்டில்களை அடுக்கி, நடுவே ஒன்றை மட்டும் விரித்துப்போட்டு அவளை லாரியில் ஏற்றினார்கள். புருஷன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். எம்.எல்.ஏ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி முகமூடியைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு இப்ப பரவால்ல" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். லாரிக்காரர் பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்.

நர்சம்மா உள்ளே திரும்பினாள். ஒரு நாற்காலிகூட மிஞ்சவில்லை. புதுப் பெயின்ட் வாசம் மட்டும் இருந்தது. மைக்கில் கேட்டு வந்தவர்கள் வாசலிலிருந்து தெருமுனைவரை ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக, இருமிக்கொண்டு நின்றார்கள். முதல் ஆள் அவளைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.