யார் அமுக்கிய பட்டன்

ஓட்டலில் பொங்கலோடு வரும் வடையை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிற ஆள் நான். குறைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்பேன். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாத லினக்ஸைப் போட்டு ஓட்டிக் காட்டியவன் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு.

2008இல் என் மனைவி பூமிகாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துவந்தாள். அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விண்டோஸ் இல்லாத லேப்டாப்பாகக் கேட்டேன். எல்லாமே அதைப் போட்டுத்தான் வருகிறது, விலையும் அதைச் சேர்த்துத்தான் என்றார் கடைக்காரர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேண்டாத பண்டத்தைத் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

பெட்டியில் இருந்த தாளில், பொடி எழுத்தில் ஒரு வழி கிடைத்தது. நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளாதவர் விண்டோஸுக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாமாம். மூன்று வாரம் விடாமல் லேப்டாப் கம்பெனிக்குப் போன் போட்டேன். கடைசியில், ஆள் வந்து பார்ப்பார், அதுவரை முதல்முறை ஆன் செய்ததும் திரையில் வரும் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை யாரும் அமுக்கக் கூடாது என்றார்கள். லேப்டாப் பீரோவிலேயே கிடந்தது. பூமிகா ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் எஸ்டேட்டில் அன்றைக்கு எந்த மெஷினையும் பொட்டு வைத்து ஒருமுறை ஓடவிட்டுத்தான் கற்பூரம் காட்டுவோம். வீட்டிலும் அதே வழக்கம்தான். கம்பெனி பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் டெஸ்டருக்கும் ஸ்பேனருக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டனைத் தாண்டாமல் அது ஓடாது. மூன்று வார உழைப்பு போச்சு.

யாரைக் கேட்டு அமுக்கினாய் என்று கத்தினேன். பூமிகா ஸ்பேனருக்குப் பூ வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"பத்திரிகை அடிக்கிற சாஃப்ட்வேரு விண்டோஸ்லதான் ஓடும் மாமா. அது வேணுமா வேணாமான்னு என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்காமலே தலையில் கட்டுகிறார்கள் என்று மூன்று வாரமாக ஊரெல்லாம் புலம்பியவன் நான். வெட்கமாக இருந்தது. கற்பூரத்தை ஏற்றி, முதலில் லேப்டாப்புக்குக் காட்டினேன்.

நாலு நாள் கழித்து லேப்டாப் கம்பெனி ஆள் வந்தார். திரையைப் பார்த்ததுமே, இனி பணம் கிடைக்காது, யார் சார் அமுக்கியது என்று கேட்டார்.

"இதோட சொந்தக்காரங்க" என்று பூமிகாவைக் காட்டினேன்.

அவள் நிமிரவில்லை. கடம்பத்தூர்க் கல்யாணம் ஒன்றின் பத்திரிகையை அடித்துக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு டீ போட நான் உள்ளே போனேன்.