எந்தப் பதினெட்டு

டீகன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள் இருந்தன. நீல எண் கணவன் கோரியுடையது. சிவப்பு எண் அவளுடையது.

கோரி வடக்கே இரும்புச் சுரங்கத்தில் லாரி பழுதுபார்ப்பவன். வீட்டைவிடப் பெரிய லாரிகள். பதினான்கு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே, மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான பஸ்ஸல்டனில். விமானம் ஏறும் செவ்வாய்க்கிழமை அவனுக்கு முதல் நாள். அதிலிருந்து இருபத்தொன்று வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று. கம்பெனி ஒரு வருடத்துக்கும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்துவிடும். டீகனுடைய முதல் நாள் மாதவிலக்கு தொடங்கும் நாள். அதை யாரும் அச்சடித்துக் கொடுப்பதில்லை.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. போனில் இருந்த செயலி, பதினான்காம் நாள்தான் கருமுட்டை வெளியேறும் என்று அடித்துச் சொன்னது. டீகனும் ஏழு மாதம் அதை நம்பினாள். அவளுடைய உடல் அந்தச் செயலியைத் தரவிறக்கிக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளை மருந்துக்கடையில் வாங்கி, நான்கு மாதம் விடாமல் பார்த்ததில், அவளுக்கு அது பதினெட்டாம் நாளை ஒட்டித்தான் வந்தது. பட்டையில் இரண்டாவது கோடு முதல் கோட்டளவு அழுத்தமாக விழுந்தால் இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். வெளியே வந்த முட்டை அதன்பிறகு ஒரு நாள்கூட முழுசாகக் காத்திருக்காது.

தெர்மாமீட்டரும் வைத்திருந்தாள். கண் விழித்ததும் எழுந்திருக்காமல், யாரிடமும் பேசாமல் நாக்கின் அடியில் வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. யாரிடமும் பேசாமல் என்பதை அவள் மிகச் சுலபமாகக் கடைப்பிடித்தாள். முட்டை போன பிறகுதான் உடம்புச் சூடு லேசாக ஏறும். விமானம் கிளம்பிப் போனதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பவரைப் போல, அந்தக் கருவி நேர்மையானது, உபயோகமில்லாதது.

வேலை கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில். பால்பண்ணைக்காரர்கள் போன் செய்து, "நாப்பத்திரண்டாம் நம்பர் மாடு தயார்" என்பார்கள். பருவத்துக்கு வந்த பசுமேல் மற்ற மாடுகள் தாவ, அதன் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் தேய்ந்து நிறம் மாறியிருக்கும்; அதுதான் அடையாளம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆள் போய்விடுவார், காளையின் விந்து திரவ நைட்ரஜன் குடுவையில் உறைந்த நிலையில் கூடவே போகும். டீகன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, "சரிங்க, அனுப்பிடறோம்" என்பாள். அந்த வட்டாரத்தில் எந்த மாடும் ஷிஃப்ட் பட்டியலுக்காகக் காத்திருந்ததில்லை.

இந்த முறை கோரி கிளம்பிய செவ்வாய் அவளுக்கு எட்டாம் நாள். கிளம்பும்போதே சொல்லி அனுப்பினாள்.

"நாள் உறுதியானதும் சொல்றேன். தேவைப்பட்டா யார்கிட்டயாவது மாத்திக்கிட்டு வா."

"மாத்திக்கலாம். ஆளுங்க இருக்காங்க."

சுரங்க முகாமில் தங்குவது டோங்கா எனப்படும் தகரப் பெட்டி அறைகளில். சுவர் அவ்வளவு மெல்லிசு. பக்கத்து அறைக்காரர் பல் தேய்த்தால் எத்தனை பல் என்று எண்ணலாம் என்பான் கோரி. அதனால் போனில் முட்டை, கசிவு, கர்ப்பம் எதுவும் பேச மாட்டான். எண்கள் மட்டும்தான். ஞாயிறு சாயங்காலம் அவன் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

"எண்ணு தெரிஞ்சுதா?"

"பதினெட்டு."

அவன் எதையோ புரட்டுவது கேட்டது. "பதினெட்டா? வெள்ளிக்கிழமை வருதே, அதுவா?"

"அதேதான். வெள்ளி."

"அட, அப்ப பிரச்சினையே இல்ல கண்ணு. வெள்ளிக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன்."

"நிஜமாவா? யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாமா?"

"எதுக்குக் கெஞ்சணும்? தானா அமையுது."

யாரோ ஒரு புண்ணியவான் நாள் மாற்றிக்கொள்ள ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று டீகன் நினைத்துக்கொண்டாள். நாட்காட்டியில் எண்ணுக்கு நிறம் இருந்தது. போனில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டையில் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கருப்பாக விழுந்தது. கசிவும் இரண்டு நாளாக முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டது. எல்லாச் சாட்சிகளும் ஒத்துப்போன நாள். படுக்கை விரிப்பை மாற்றினாள். ஆட்டுத் தொடையை ஓவனில் வைக்க மசாலா தடவி எடுத்துவைத்தாள். தலைவலி என்று சொல்லி வேலையிலிருந்து மத்தியானமே கிளம்பினாள்.

பஸ்ஸல்டன் விமான நிலையம் சின்னது. மூன்றரை மணிக்குச் சுரங்க விமானம் இறங்கியது. அறுபது எழுபது ஆண்கள், எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை, ஒரே தாடி, தோளில் ஒரே பை. முதல் இருபது பேரும் கோரியைப் போலவே இருந்தார்கள். அடுத்த இருபது பேர் கொஞ்சம் குறைவாக. ஒவ்வொருவராக யாராவது ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் ஒட்டிக்கொண்டு நகர, கடைசியில் கூட்டம் வடிந்து, டீகனும் ஒரு குப்பைத்தொட்டியும் மிஞ்சின.

வேறு குழுவில் வேலை செய்யும் டாமா அவளை அடையாளம் கண்டுகொண்டு வந்தான். நியூசிலாந்து மாவோரி, கோரியைவிட ஒன்றரை மடங்கு அகலம்.

"டீகன், இங்க என்ன பண்ற? கோரி சுரங்கத்துலதானே இருக்கான்? காலைல டிபன் சாப்பிடும்போதுகூடப் பாத்தேனே. என் பங்கு பேக்கனையும் சேத்துத் தின்னான்."

"தெரியும். நான் வேற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

டாமா சுற்றிப் பார்த்தான். அங்கே வேறு ஒருத்தர் என்று யாரும் இல்லை.

"அவரு வரலையா?"

"வரலை போல."

"என் வண்டியில கொண்டு விடவா?"

"என்கிட்டயே வண்டி இருக்கு டாமா. அதான் கூட்டிட்டுப் போக வந்தேன்."

வண்டி நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோரியின் பட்டறைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. ஷிஃப்ட் முடிய ஆறு மணி. வீட்டுக்குப் போனால் ஆட்டுத் தொடை கேள்வி கேட்கும் என்று தோன்றியது. ஆறேகாலுக்கு அவன் எடுத்தான்.

"எங்க இருக்க?" என்றாள்.

"ரூம்ல. இப்பதான் பூட்ஸ் கழட்டுறேன். ஏன்?"

"இன்னைக்குப் பதினெட்டு."

"இல்லயே. இன்னைக்குப் பதினொண்ணு." பூட்ஸ் ஒன்று தரையில் விழும் சத்தம். பிறகு மெதுவாக, "எந்தப் பதினெட்டு?"

"என் பதினெட்டு, கோரி. உன் பதினெட்டை நான் எதுக்குச் சொல்லணும்? உனக்கு முட்டை வருமா?"

"மெதுவாப் பேசு, வெளிய கேக்கும். நீ வெள்ளின்னயே. என் பதினெட்டும் வெள்ளிதான். அடுத்த வெள்ளி."

இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். சரியாக ஏழு நாள் வித்தியாசம். ஒரு நாள் முன்னே பின்னே இருந்திருந்தால் கிழமை காட்டிக் கொடுத்திருக்கும்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள். "காலைல பெர்த்துக்கு ஒரு விமானம் இருக்குல்ல? நான் பெர்த்துக்கே வரேன். மூணு மணி நேரம்கூட ஆகாது. சூப்பர்வைசர்கிட்டக் கேளு."

"கேக்கலாம். படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. இறப்பு, நோய், குடும்ப அவசரம்."

"இது குடும்ப அவசரம் இல்லையா? குடும்பமே இதுதானே."

"சரி. சரி, கேக்குறேன்."

வீட்டுக்குப் போய்ப் பையில் இரண்டு உடுப்பு எடுத்துவைத்தாள். பெர்த் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியைப் போனில் பார்த்துவைத்தாள். எட்டு மணிக்கு முன்பே செய்தி வந்தது.

'என்ன அவசரம்னு கேட்டார். பக்கத்துல நாலு பேர் இருந்தாங்க. சட்டுன்னு முதுகுவலின்னு சொல்லிட்டேன்.'

அடுத்தது: 'முதுகுவலிக்கு இங்கயே மெடிக் இருக்காராம். நாப்பத்தெட்டு மணி நேரம் கண்காணிப்பு. அது முடியுற வரைக்கும் விமானம் ஏறக் கூடாதாம்.'

அதற்கும் அடுத்ததில் ஒரு படம். அவன் இடுப்பில் கட்டிய வெள்ளைப் பட்டை.

டீகன் பையிலிருந்த உடுப்புகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஆட்டுத் தொடையை உறைபெட்டிக்குள் தள்ளினாள்.

சனிக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. கடற்கரைப் பக்கம் போனால் தள்ளுவண்டியில் குழந்தைகள். கடைக்குப் போனாலும் அதுதான். நாலு மணி வாக்கில் வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, ஊசி முனையளவு. சில பெண்களுக்கு முட்டை வெளியேறும்போது அப்படி இருக்கும் என்று படித்திருந்தாள். இதுவரை உணர்ந்ததில்லை, அல்லது கவனித்ததில்லை. சமையலறை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள். வந்த விருந்தாளிக்கு வீட்டில் ஆளில்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு தனக்கே வந்துவிட்டது போல இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். முன்மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் எத்தனையோ மாடுகளின் நேரத்தைக் குறித்தவளுக்கு, தன் நேரத்தைச் சொல்ல ஓர் எண் ஞாபகம் வரவில்லை.

ஆறு மணிக்கு மேல் கோரியே கூப்பிட்டான்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"உன் முதுகா, நானா?"

"நீதான்."

"போயிடுச்சுன்னு நினைக்கிறேன். நாலு மணிக்கு."

ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டருக்கு இரண்டு பேரும் மூச்சை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவன் பக்கச் சுவரை யாரோ தட்டினார்கள். தகரத்தின் வழியாக ஒரு குரல், டீகனுக்கே தெளிவாகக் கேட்டது.

"ஏம்ப்பா, முதுகு எப்படி இருக்கு?"

கோரி கட்டிலிலிருந்து எழுவது கேட்டது. டீகன் காத்திருந்தாள்.

"முதுகுல ஒண்ணுமில்ல" என்றான் கோரி, சுவரைப் பார்த்துச் சத்தமாக. "குழந்தைக்கு முயற்சி பண்றோம். நேத்துதான் நாள். வீட்ல இருந்திருக்கணும், நான் தப்பா எண்ணிட்டேன்."

எங்கோ ஓடிய தண்ணீர்க் குழாய் நின்றது.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அப்ப முதுகு நிஜமா நல்லாத்தான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இன்னைக்கு உன் பங்கு வேலையையும் நானேதான்டா பாத்தேன்."

"தெரியும். மன்னிச்சுக்கோ."

"நாங்களும் ஆறு வருஷம் முயற்சி பண்ணோம்" என்றது அந்தக் குரல். "அப்புறம் அவ என்னை விட்டுப் போயிட்டா." அத்தோடு சரி. கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு அது?" டீகன் தணிந்த குரலில் கேட்டாள்.

"பக்கத்து ரூம்."

"பேரு?"

"தெரியல. போன வருஷத்துலருந்து இருக்காரு. இங்க எல்லாரையும் மாதிரி அவரையும் 'மேட்'னுதான் கூப்பிடுவேன்."

"போய்க் கேட்டுட்டு வா."

"இப்பவா?"

"இப்பதான். நான் லைன்ல இருக்கேன்."

அவன் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். கதவு திறந்தது, மூடியது. வெளியே சரளைக்கல்லில் நாலடி. பிறகு தட்டும் சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். திறந்தார்களா என்று தெரியவில்லை. ஏசி ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டபடி, ஆளில்லாத அந்த அறையைக் காதில் வைத்துக்கொண்டு டீகன் உட்கார்ந்திருந்தாள்.