அருளம்மா மாமியின் இடப்பக்கம்

மரியாயின் சேனை என்ற எங்கள் செபக்குழுவிடம் துப்பாக்கி கிடையாது, செபமாலைதான். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை ‘ஆசியேஸ்’ என்றொரு சடங்கு உண்டு. கோயில் நடுவில் மாதாவின் கொடிக்கம்பம் நிற்கும். இரண்டிரண்டு பேராகப் போய்க் கைவைத்து, ‘நானும் எனக்குள்ளதும் உமக்கே’ என்று சொல்லித் திரும்பவேண்டும். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அந்தச் சொல்லின் கருத்து யாருக்கும் தெரியாது. குருமடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தவன் என்பதால், சடங்குக்கு முன் அதை விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“ஆசியேஸ் எண்டது ஒரு லத்தீன் சொல்லு. முதல் கருத்து, கத்தியின்ர கூர். பிறகுதான் சண்டைக்கு நிக்கிற படை வரிசை. ஆயிரம் பேர் நிண்டாலும் ஒருமை. அவ்வளவு பேரும் மீசைக்காரரா இருந்தாலும் பெண்பால்.”

பின் வாங்கில் இருந்த அருளம்மா மாமி மட்டும் சிரிக்கவில்லை.

“சரியாத்தான் வச்சிருக்கிறாங்கள். காணாமப்போன பிள்ளையளின்ர படத்தோட றோட்டில நிக்கிறதும் பொம்பிளையள்தானே.”

மாமியின் மகன் மில்ரனும் சேனையில் இருந்தவன். தாயும் மகனும் சோடியாகத்தான் கொடிக்குப் போவார்கள். சண்டை முடிந்த வருடம் ஓர் இராணுவச் சாவடியில் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அன்றிலிருந்து மாமி தனியாகப் போகிறார், இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

இந்த முறை சடங்கை நடத்த வெளியூர்ச் சுவாமி வந்திருந்தார். வரிசையில் ஓட்டை தெரியக்கூடாது என்பது தலைவி பிறின்சி அக்காவின் கவலை.

“நீ மாமியோட போ. உன்ர லத்தீனுக்கு ஒரு பிரயோசனம் வரட்டும்.”

போய்ப் பக்கத்தில் நின்றேன். மாமி நடக்கவில்லை. பின்னால் படை முழுவதும் நின்றது.

“தம்பி, அது மில்ரன்ர இடம்.”

“தெரியும் மாமி. பிறின்சி அக்காதான்...”

“அவ நல்லதுக்குத்தான் சொல்லுவா. நீ நிண்டா, அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி வந்திடும்.”

பிறின்சி அக்கா கண்ணாலேயே என்னை முன்னுக்குத் தள்ளினார். பின்வாங்குவது எனக்குப் பழகிய விசயம். விலகிக்கொண்டேன்.

மாமி தனியே போய்க் கம்பத்தில் கைவைத்தார். பக்கத்தில் மைக் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“தாயே, நான் உமக்கே. எனக்குள்ளதும்...”

அதில் நின்றுவிட்டார்.

“வீட்டை எடும், வள்ளத்தை எடும். அவனை மட்டும் தரமாட்டன். முதல்ல நீர் எனக்குத் தாரும்.”

சுவாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மாமி வந்த மாதிரியே இடம் விட்டுத் திரும்பி நடந்தார். எதிரே வந்த சோடி ஒதுங்கி வழிவிட்டது, இரண்டு பேர் போகிற அளவுக்கு.