பெட்டி இருக்கும் இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தங்கையிடமிருந்து சுட்டது. சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தவள், வாயில் கவளத்தோடு, "அக்கா, எங்க முதலாளியம்மா ஒரு வாத்தியார் நிப்பாரா ஓடிடுவாரான்னு அவரோட பெட்டி எங்க இருக்குன்னு பார்த்துதான் முடிவு பண்றாங்களாம்" என்றாள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. கதை கிடைத்துவிட்டால் எனக்கு மனிதர்கள் இரண்டாம் பட்சம்.

அவள் வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான்.

2

தொடக்கங்கள்.

'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்நிய மண்ணில், தன்னந்தனியாக அவள்...'

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது, "மழையே பெய்யலையே. தன்னந்தனியாவும் இல்ல, பக்கத்து ரூம்காரி எந்நேரமும் வந்து என் ஷாம்பூவை எடுத்துட்டுப் போறா" என்றாள்.)

'அவமானம் என்பது ஒரு...'

(இதை நானே அடித்தேன். 'என்பது ஒரு' என்று தொடங்கிய வாக்கியம் எதுவும் என் கையில் உருப்பட்டதில்லை.)

'பள்ளியின் முகப்பில் ஒரு கண்ணாடி அறை இருந்தது.'

இது இருக்கட்டும். இதற்குச் சின்னவளும் ஆட்சேபம் சொல்லவில்லை.

3

பள்ளியின் முகப்பில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. பள்ளி என்றால் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஐந்தாறு அறைகள். படியேறி வந்ததும் சோபா. சோபாவில் உட்கார்ந்தால் நேரெதிரே கண்ணாடி அறை. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அங்கே உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கலாம். கேட்கத்தான் முடியாது, கண்ணாடி அவ்வளவு கனம்.

உள்ளே நின்றவன் நெட்டை. வெள்ளைக்காரன், நீலக் கண், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். நல்ல பையன். பாடம் நடத்தத்தான் வராது. காலையில் சின்னவளிடம் வந்து, இன்றைக்கு நான் என்ன செய்வது என்று கேட்பான். அவள் சொல்வாள். அதைப் பெரிய பெரிய கையசைப்புகளோடு நடத்துவான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சின்னவளின் வகுப்பு கடைசியில், கழிவறைக்கும் காகிதக் கட்டுகள் அடுக்கிய அறைக்கும் நடுவே. அங்கே சோபாவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

இங்கே நான் கோபமாக ஒரு பக்கம் எழுதினேன். 'வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் முதலாளியம்மா' என்று தொடங்கும். சின்னவள் குறுக்கே விழுந்தாள்.

"அவங்க அப்படி நம்பலக்கா. பெத்தவங்க அப்படி நம்புறாங்கன்னு நம்புறாங்க. ரெண்டும் வேற."

பின்னறையில் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதானேடி என்றேன். "அது சரிதான்" என்றாள்.

பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கோபம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

4

முதலாளியம்மாவைப் பற்றி.

(அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. இந்தக் கதையில் மட்டும் சரளமாகப் பேசுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

அவர் சூடு கண்ட பூனை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வாத்தியார்கள் அவரை அப்படிப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். ஒருத்தி சம்பளம் வாங்கிய கையோடு கடற்கரைக்குப் போனவள்தான், திரும்பவில்லை. இன்னொருவன் பாதி வகுப்பில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போய் விமானம் ஏறிவிட்டான். பலகையில் பாதி வாக்கியம் அப்படியே நின்றதாம். (பாதி வாக்கியத்தில் ஓடிப்போவதைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.)

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். வாத்தியார்களுக்கு வீடு கொடுத்திருப்பது பள்ளிதான். குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று மாதத்துக்கு ஒரு தரம் ஸ்பேனரும் கையுமாக வருவார். குழாயைச் சும்மா ஒரு திருகு திருகுவார். கண் மட்டும் பெட்டியைத் தேடும். பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டால் ஆள் ஊன்றிவிட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்தால் யோசனையில் இருக்கிறார். கதவருகே இருந்தால் போச்சு, அடுத்த ஆளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

சின்னவளின் பெட்டி வந்த நாளிலிருந்து கதவருகேதான். அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவாள். ஒரு துண்டை விரித்துச் சட்டையை இஸ்திரி போடுவதும் அதன்மேல்தான். அறையில் வேறு நாற்காலி இல்லை.

நெட்டையின் பெட்டி? அலமாரி உச்சியில், கூரையைத் தொட்டுக்கொண்டு.

5

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளின் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் வேலை போகும், வேலையோடு அறையும் போகும், அந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போகும். முதலாளியம்மாவோ பிடி கொடுக்காமல் இருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் யாரோ ஒரு புதுப் பெண்ணை நேர்காணல் செய்துகொண்டிருந்ததைச் சின்னவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

பெட்டி ரகசியத்தை உடைத்தது வரவேற்பு மேசைப் பெண். மேலே தூக்கி வைத்துவிடேன், ஒரு நிமிஷ வேலை, என்றாளாம்.

சின்னவள் வைக்கவில்லை.

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. ஏன் வைக்கவில்லை? பெண்ணுரிமை, தன்மானம் என்றெல்லாம் கண் காது மூக்கு வைத்து எழுதிப் பார்த்தேன். கடைசியில் போன் செய்து கேட்டேன்.

"என் பெட்டி எங்க இருக்கணும்னு நான்தானே சொல்லணும்" என்றாள். பிறகு, "மேல வச்சா எடுக்க முடியாதுக்கா. எனக்கு எட்டாது" என்றாள்.

முதல் பதில் முதலாளியம்மாவுக்கு. இரண்டாவது எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். எட்டவேண்டும் என்றால் எடுக்கிற எண்ணம் இருக்கிறது. எடுக்கிற எண்ணம் இருந்தால் வருகிற எண்ணமும் இருக்கும். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம். இங்கே வீட்டில் அவளுடைய பழைய அறையிலிருந்து என் புத்தகங்களைக்கூட அப்புறப்படுத்தினேன்.

மறுநாள் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முதலாளியம்மாவும் நானும் ஒரே பெட்டியைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவரிடம் ஸ்பேனர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

6

நெட்டை போய்விட்டான்.

சொல்லாமல் கொள்ளாமல், ஒரு திங்கட்கிழமை காலை. சோபா நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரே கண்ணாடி அறை காலி. முதலாளியம்மா நம்பவேயில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று அவனுடைய வீட்டுக்கு ஓடினார், சின்னவளும் கூட ஓடினாள். பெட்டி அலமாரி மேலே வைத்தது வைத்தபடி இருந்தது. பார்த்தாயா, எங்கேயும் போகவில்லை என்று முதலாளியம்மா மூச்சு விட்டார். சின்னவள் கட்டில்மேல் ஏறி நின்று பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு விரலுக்கே நகர்ந்துவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை.

(அதற்குள் ஒரு கிழிந்த கோட்டும் யாருடைய புகைப்படமோ வைத்திருந்தேன். "காலிதான்க்கா, எதையும் போட்டு நிரப்பாதே" என்று சொல்லிவிட்டாள்.)

மத்தியானம் நெட்டையிடமிருந்து தகவல் வந்தது: மன்னிக்கவும், அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக இந்தப் பெட்டியை நம்பித்தான் ஆள் எடுத்தேன் என்று சின்னவளிடமே சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். எனக்கு இல்லை. நான் இங்கே உட்கார்ந்து கைகொட்டினேன்.

7

அன்று சாயங்காலமே சின்னவள் கண்ணாடி அறைக்குள் போனாள். போகச் சொன்னவர் முதலாளியம்மா. வேறு ஆள் இல்லாததால்தான், என்று நான் எழுதியதைச் சின்னவள் அடிக்கவில்லை.

சோபாவிலிருந்த ஒரு அம்மாள், வெளிநாட்டு வாத்தியார் என்று சொன்னீர்களே, எங்கே என்று கேட்டாள்.

முதலாளியம்மா கண்ணாடியைக் காட்டினார். "இதோ நிக்கிறாங்களே. கடல் தாண்டித்தான் வந்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வெளிநாடு வேணும் உங்களுக்கு?"

அந்த அம்மாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த சின்னவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எல்லாம் பிறகு வரவேற்பு மேசைப் பெண் சொன்னதுதான். போனில் இதை என்னிடம் சொல்லும்போது சின்னவளின் குரல் நன்றாக இருந்தது. ஊரில் இருந்தவரை இப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. ஒத்துக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

8

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: ஒப்பந்தத்தை நீட்டுகிறேன் என்று முதலாளியம்மா கெஞ்ச, சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்த தலையோடு விமானம் ஏறுகிறாள். இங்கே அறை தயாராக இருக்கிறது. (இது எனக்குப் பிடித்த முடிவு. பிடித்த காரணத்தால் சந்தேகப்படவேண்டிய முடிவு.)

இரண்டு: கண்ணாடி அறை அவளுக்கே நிலைக்கிறது. பெட்டி அலமாரிமேல் ஏறுகிறது. (எனக்கு இதை எழுதக் கை வரவில்லை.)

எது என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்று இன்று மத்தியானம் போன் செய்தேன். ஒப்பந்தம், அறை, அனுமதி என்று ஒழுங்காகத்தான் தொடங்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"பெட்டி இப்ப எங்கடி இருக்கு?"

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பூன் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"அங்கேயேதான்க்கா. அதுமேல முதலாளியம்மா உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காங்க. என்னமோ கேக்கணும்னு வந்திருக்காங்க, இன்னும் கேக்கல. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள்.

அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் சொல்லப்போகும் பதிலை நான் எழுதினால் அது என் பதிலாகத்தான் இருக்கும். அதனால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் போய் இங்கே அவளுடைய அறையில் என் புத்தகங்களைத் திரும்ப அடுக்குகிறேன். கதவருகே மட்டும் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் விட்டுவைக்கிறேன்.