ஜாடியைக் கேட்டு வந்தவர்கள்

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு வரைமுறையே கிடையாது. அந்தக் காலத்தில் தெருமுனை திரும்பும்போதே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவான், செத்தவன் கால்மாட்டில் வந்து நிற்பான், கண்ணைத் துடைப்பான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். இப்போது வருகிறவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "ஜாடி எங்க?" என்கிறான்.

காலையிலிருந்து ஏழு பேர் கேட்டாகிவிட்டது. கொளஞ்சியப்பன் பாடைக்குப் பச்சை மூங்கிலைச் சேர்த்து இறுக்கிக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஜாடிக்குத் தண்ணி வச்சீங்களா, பெரியவரே?" என்று கேட்டான் ஏழாவது ஆள். பெயர் நல்லமுத்து. பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. கையில் மாலை வைத்திருந்தான், அதுவரைக்கும் சரி.

"எனக்கு யார்னா தண்ணி வச்சாங்களான்னு கேட்டியா நீ?"

நல்லமுத்துவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "டீ சொல்லட்டுங்களா?"

"ஒண்ணும் வாணாம். இந்தக் கவுத்தப் புடி. எந்தம்பியப் பாக்க வந்தீங்களா, அந்தச் சொறி நாயப் பாக்க வந்தீங்களா?"

செத்துப்போனது அவருடைய தம்பி காத்தவராயன். விடிவதற்குள் உயிர் போயிருந்தது. தகவல் கிடைத்துக் கொளஞ்சியப்பன் நல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் பெண்சாதி பூவாயியையும், கொள்ளி வைக்க மகனையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தார். காத்தவராயனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பெண்சாதி போய் ஒன்பது வருஷம். கம்பெனிக்குப் பின்னால் இந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவனும் நாயும்தான் குடித்தனம்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், விளிம்பு உடைந்ததென்று கம்பெனியில் வெளியே தள்ளியிருந்த ஊறுகாய் ஜாடிக்குள் குட்டியாய்ச் சுருண்டு கிடந்ததாம். அதனால்தான் அந்தப் பெயர். இப்போது அதற்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. பின்னங்கால்கள் வெறுமனே உடம்போடு வருகின்றன. கொளஞ்சியப்பன் வந்தபோது பிணம் கிடந்த கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. பிணத்தை நாய் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டினார். அது முனகக்கூட இல்லை. காரியம் முடிந்ததும் நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டார்.

"பொட்டியில புது வேட்டி இருக்குதான்னு பாருங்க. குளிப்பாட்டுனா கட்டணுமில்ல" என்றாள் பூவாயி.

கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியை இழுத்தபோதுதான் அதன் பின்னால் அது இருந்தது. உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடி. வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் கரும்பச்சை உருண்டைகள், ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். மோந்து பார்த்தார். கருவாட்டு நாற்றம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதில் ஒரு வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

இடுமருந்து. ஆம்பளையைத் தன் பக்கம் இழுக்கச் சோற்றில் உருட்டி வைக்கிற மருந்து. தலைமயிரும் நகமும் போட்டு அரைப்பார்கள். அவர் கண்ணால் பார்த்ததில்லை, பார்த்தவர்களைத் தெரியும். தின்றவன் வைத்தவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்து, இருமி இருமி, குச்சியாய் வற்றிச் சாவான். ஆறு மாசமாய்க் காத்தவராயன் இருமினான். வற்றினான்.

"கை வைத்தியமா இருக்கும்" என்றாள் பூவாயி. "எல்லாத்துலயும் குத்தம் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

"கை வைத்தியத்துல மசுரு எதுக்குடி?"

"உங்க தலையிலேருந்து உதுந்திருக்கும்."

"எந்தலையில எங்கடி இருக்குது, உதுறத்துக்கு?"

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அவர் வந்து இறங்கியதுமே ஒரு சங்கதியை அவர் காதில் போட்டிருந்தாள். லீமா என்று ஒருத்தி. புருஷன் இல்லாதவள், கம்பெனியில் கப்புக்குக் காது ஒட்டுகிற வேலை. "சாயங்காலமானா தூக்குல எதையோ எடுத்துக்கிட்டு வருவாங்க. உள்ள போனா கதவச் சாத்திக்குவாங்க. ஒரு மணி நேரம் ஆவும் தொறக்க. நமக்கென்னாங்க, நா ஒண்ணும் சொல்லல."

இப்போது கணக்கு நேராகிவிட்டது. கொளஞ்சியப்பன் ஜாடியைத் துண்டுக்குள் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிணத்தை எடுப்பதற்கு முன்னால், நாலு பேர் மத்தியில், அவளை நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். எரித்த பிறகு எதைக் கேட்டு என்ன? கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவள் கம்பெனிக்கும் போக முடியாது, மாதா கோயிலுக்கும் போக முடியாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நினைத்தார்.

பதினோரு மணி வாக்கில் அவள் வந்தாள். ஐம்பது வயசிருக்கும். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. கால்மாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அழவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, நேரே கொல்லைப்பக்கம் நடந்தாள்.

'வழிகூடக் கேட்கவில்லை பார். வூடு முழுக்கப் பழக்கம்' என்று நினைத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே போனார்.

பிணத்தைக் குளிப்பாட்ட வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பிலிருந்து லீமா ஒரு செங்கல்லைக் குச்சியால் நகர்த்தி எடுத்தாள். சாக்கில் சுற்றினாள். புறங்கையால் சூடு பார்த்துவிட்டு நாயின் இடுப்பில் வைத்தாள். நாய் தலையைத் தூக்கவில்லை. இடுப்பை மட்டும் அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தது.

"ஏம்மா. இது என்னா?" என்று துண்டிலிருந்து ஜாடியை எடுத்து நீட்டினார்.

திரும்பி அவர் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தாள். திரும்பவும் குனிந்து சாக்கைச் சரிசெய்தாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"என்னான்னு கேக்கறேன். எந்தம்பிக்கு யாரு வச்சா இத?"

"உங்க தம்பிக்கு யாரும் வைக்கலீங்க அண்ணே. ஜாடிக்கு வச்சது. பெரண்டையும் மஞ்சளும். எலும்புக்கு நல்லது. சும்மா குடுத்தா துப்பிடும், அதான் கருவாட்டத் தூள் பண்ணிப் பெரட்டறது."

"மசுரு?"

"நாயத் தேச்ச கையாலதான உருட்டறோம்? ஒட்டாதா?"

சத்தம் கேட்டு நல்லமுத்து வந்து நின்றான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"கதவச் சாத்திக்கிட்டீங்களாமே? அதுவும் நாய்க்குத்தானா?"

லீமா குனிந்துகொண்டாள். நல்லமுத்துதான் சொன்னான். "காத்து பட்டா ஒத்தடம் குடுத்தது அத்தினியும் வீணுங்க. நானுந்தான் உள்ள இருந்திருக்கிறேன். எங்க வூட்டு நாய்க்குக் காதுல புழு வச்சப்ப காத்தவராயன் அண்ணந்தான் எடுத்தாரு. ஞாயித்துக்கெழமையானா இங்க வரிசை கட்டி நிப்போங்க, ஆளுக்கொரு நாயப் புடிச்சிக்கிட்டு. மாட்டாஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல மாட்டக் கொண்டாங்கன்னு சிரிப்பாங்க. அண்ணன் சிரிக்க மாட்டாரு. ஒருத்தர் நாய்க்கு முடியலன்னா மத்தவங்க மாறி மாறிப் போயிப் பாக்கணும்னு வச்சிருந்தாரு. அவருக்கே முடியாமப் போனப்பறம் இவங்கதான் ஜாடியப் பாத்துக்கிட்டாங்க."

நன்றாகத்தான் சொல்கிறான். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டால் நன்றாகத்தான் வரும்.

"நாய்க்குன்னு ஒண்ணு, மனுசனுக்குன்னு ஒண்ணு உருட்டியிருந்தா எனக்கெப்படித் தெரியும்?" மயிர் ஒட்டிய உருண்டையை ஜாடியிலிருந்து எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "தின்னு. என் கண்ணு முன்னால தின்னு பாப்போம்."

"பெரியவரே!" என்றான் நல்லமுத்து.

லீமா வாங்கினாள். ஒட்டியிருந்த மயிரை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு வாயில் போட்டு மென்றாள். பிரண்டை வதக்கல் பதம் தப்பினால் நாக்கும் தொண்டையும் அரித்து எடுத்துவிடும். பதம் தப்பியிருந்தது போல. அவள் கண்ணில் நீர் கோத்தது, கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. தண்ணீர் கேட்கவில்லை. முழுசாக விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு திங்கணுமா, ஜாடிக்குக் குடுக்கலாமா? காலையில குடுக்க வேண்டியது. நேரமாச்சு" என்றாள்.

நாய் அதற்குள் முன்னங்காலை ஊன்றி எழுந்து, மோந்துகொண்டே வந்து, கொளஞ்சியப்பனின் விரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கையை உதறிக்கொண்டார். ஜாடியைத் தரையில் வைத்தார். லீமா ஒரு உருண்டையை எடுத்து நாயின் கடைவாயில் வைத்து, தாடையைத் தடவிவிட்டாள்.

"நா கூட்டிக்கிட்டுப் போறேங்க, எங்க வூட்டுக்கு. எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்றாள்.

"இல்லீங்க, சூளைப்பக்கம் சூடு இருக்கும், நா வச்சிக்கிறேன்" என்றான் நல்லமுத்து.

கொளஞ்சியப்பனுக்கு அதுதான் பிடிபடவில்லை. காலையிலிருந்து எட்டுப் பேர். கண்ணு தெரியாத, கால் வராத ஒரு கிழட்டு நாயை எதற்கு இப்படி ஆளாளுக்குக் கேட்க வேண்டும்?

"யாருக்கும் கெடையாது" என்றார். "எந்தம்பி நாயி. நா நல்லூருக்கு இட்டுக்கிட்டுப் போறேன்."

லீமா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. நேத்து சாயங்காலம் சொன்னாரு. யாருகிட்ட வேணா வுடு, எங்கண்ணங்கிட்ட மட்டும் வுட்டுடாதன்னாரு."

"ஏனாம்?"

"அத அவரு சொல்லல. நானும் கேக்கல."

கொளஞ்சியப்பன் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வருஷத்துக்கு முந்தின சங்கதி, காத்தவராயனுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஒரு நாள் அது வாயில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. வெறிதான் என்று இவர் முடிவு பண்ணி, சாக்கில் கட்டி வண்டியில் போட்டு, சேத்தியாத்தோப்புக்குப் போய் வெள்ளாற்றுக்கு அந்தாண்டை அவிழ்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அம்மா சொன்னாள், கிணற்றடியில் அது தேரையைக் கவ்விக்கொண்டு நின்றதைப் பார்த்தேன் என்று. தேரையைக் கவ்வினால் எந்த நாய்க்கும் நுரை தள்ளும். பையன் மூன்று தடவை தனியாக நடந்தே சேத்தியாத்தோப்புக்குப் போனான். மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று வரைக்கும் கேட்கவில்லை.

தேரையாகவே இருக்கட்டும். வெறி இல்லையென்று யார் கண்டது?

வாசலில் சங்கு ஊதினார்கள். "எங்க போனீங்க? குளிப்பாட்டத் தூக்கப் போறாங்க!" என்று பூவாயி கூப்பிட்டாள்.

அவர் முருங்கை மரத்துக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. கயிற்று முனையை லீமாவின் பக்கம் போட்டார். அவளைப் பார்க்கவில்லை.

"இட்டுக்கிட்டுப் போ. செத்தா ஆளனுப்பாத."

குளிப்பாட்டி முடித்ததும் பாடை கிளம்பியது. நல்லமுத்து முன்பக்கம் தோள் கொடுத்தான். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். பறை முன்னால் போக, வரிசை வீடுகளின் வழியாக மணிமுத்தாற்றுக்கரைப் பக்கம் திரும்பினார்கள்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு கறுப்பு நாய் கட்டியிருந்தது. எழுந்து நின்றது. அதற்கடுத்த வீட்டில் மூன்று காலோடு ஒன்று. எதிர்சாரியில் ஒரு குட்டை நாய், காதில் துணிக்கட்டோடு. பறை காதைப் பிளந்தது. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. பாடை தன்னைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாய்ப் படுத்தன.

"அத்தினியும் அண்ணன் கை பட்டதுங்க" என்றான் நல்லமுத்து.

கொளஞ்சியப்பன் அவனையும் நாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பறைச் சத்தத்துக்கு நாயி கொலைக்காம இருக்குமாடா? என்னாத்தையோ போட்டுப் பழக்கி வச்சிருக்கீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாடையையும் பறையையும் தாண்டி முன்னால் போனார். தெருவின் கடைசி வீட்டில் ஒரு செவலை எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் ஆற்றை நோக்கி நடையை எட்டிப் போட்டார்.