ஜன்னல் கட்டில்

வாசல் வளைவின் மேலிருந்த பழைய பூச்சை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொன்னது நான்தான். விடுதி வளாகத்துக்கு அறுபது வயது ஆகிறது. மேடை, பந்தல், கண்காட்சி எல்லாம் தயார். வாசல் மட்டும் அம்மை போட்ட முகம் மாதிரி நின்றால் யாருக்குப் பொறுக்கும்? இந்த வளாகத்தில் மேற்பார்வையாளராக முப்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். குழாய் ஒழுகினாலும் என்னிடம்தான் வருவார்கள், காதல் முறிந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

விழா அன்று காலையில் கொத்தனார் என் அலுவலகத்துக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் கரண்டி. முகத்தில் சங்கடம்.

"மேடம், பூச்சுக்குக் கீழ எழுத்து இருக்கு. கல்லுல வெட்டினது. அது மேலயே பூசிடட்டுமா, இல்ல நீங்க ஒரு தடவை பாக்குறீங்களா?"

"என்னன்னு எழுதியிருக்கு?"

"நீங்களே வந்து படிச்சிடுங்க மேடம்."

போய் அண்ணாந்து பார்த்தேன். சுண்ணாம்புத் தூள் அப்பிய பெரிய பெரிய எழுத்துகள். 'காசநோய்ப் பெண்கள் சிகிச்சை இல்லம்.' அதன் கீழே ஒரு வருடம். எங்கள் பல்கலைக்கழகம் இந்த விடுதியைத் திறந்ததற்குப் பன்னிரண்டு வருடம் முந்தைய வருடம் அது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வளாகத்துக்கே தெரியும். அப்போதும் முதலில் கோபம்தான் வந்தது. கண்காட்சிக்காக இந்த வளாகத்தின் வரலாற்றை எழுதியவள் நான். முதல் பலகையிலேயே 'மாணவிகளுக்கென்றே கட்டப்பட்ட கட்டடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். பதவிக்கு வந்த ஒவ்வொருவரும் முந்தையவரிடம் கேட்டுச் சொன்ன கதை அது. எல்லோருமாகச் சேர்ந்து நன்றாகக் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள்.

அந்தக் கோபம் அடங்குவதற்குள் அம்மாவின் ஞாபகம் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றைய விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் என் அம்மா. விடுதியில் முதன்முதலில் தங்கிய மாணவிகளில் இன்று கண்டுபிடிக்க முடிந்த ஒரே ஆள் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தோம். எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது கட்டடத்தின் படத்தைக் காட்டினேன். அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கதான் நான் ஹாஸ்டல்ல இருந்தேன்" என்றாள். படிப்பைப் பாதியில் விட்டுக் கல்யாணம் செய்துகொண்டதாகச் சொல்வாள். அவள் ஹாஸ்டலில் இருந்ததாக மாமா சொல்லும் வருடத்துக்கும் விடுதி திறந்த வருடத்துக்கும் கொஞ்சம் இடித்தது. வயதானவர்களுக்கு வருடம் எங்கே ஞாபகமிருக்கும் என்று நானே சரிக்கட்டிக்கொண்டேன்.

அம்மாவைச் சந்தேகப்படாததற்கு மௌன நேரம்தான் காரணம். எங்கள் விடுதியில் விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி அடிக்கும். மறுபடி அடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, படிக்கவும் கூடாது, கட்டிலில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி, அப்படியே வந்துகொண்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அதே நேரம், அதே மல்லாந்து படுப்பது. நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்போம். கேட்டால், "ஹாஸ்டல் பழக்கம்" என்பாள் அம்மா. அவள் இங்கேதான் இருந்தாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு எல்லாமே ஹாஸ்டல் பழக்கம்தான். குளிரடித்தாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, அடியில் நீலப் பெயின்டால் பொட்டு வைத்த தனி டம்ளர். அதை வேறு யாரும் தொடக் கூடாது, கழுவக்கூடக் கூடாது. எங்களை அவள் கட்டிக்கொண்டதில்லை. முத்தம் கொடுத்ததில்லை. என் மகள் பிறந்தபோது அறை வாசலிலேயே நின்று, "எட்ட நின்னே பாத்துக்கறேன்" என்றாள். பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கக்கூட உன் ஹாஸ்டலில் சொல்லித்தரவில்லையா என்று கத்தினேன். ரொம்ப நாள் அவளோடு நான் பேசவில்லை. அம்மாவுக்கு எங்கள் மேல் பாசமில்லை என்பதைச் சின்ன வயதிலேயே புரிந்துகொண்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

வாசலில் நின்றபடி அந்த எழுத்துகளை மறுபடி மறுபடி படித்தேன். தட்டு, டம்ளர், ஜன்னல், மௌன நேரம் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தப் பெயருக்குக் கீழே நின்றன.

முதன்மை வார்டன் வந்து பார்த்தார். பெரிய பேராசிரியை, பதற்றத்தை வெளியே காட்டத் தெரியாதவர். அவர் முகமே வெளுத்துவிட்டது.

"அட்மிஷன் நேரம். பெத்தவங்க பாத்தா பொண்ணுங்கள இங்க விடுவாங்களா? உடனே பூசச் சொல்லுங்க."

"இப்ப பூசினா ஈரம் சொட்டும் மேடம். வர்றவங்க தலையில விழும்" என்றார் கொத்தனார்.

கடைசியில் 'அறுபது ஆண்டுகள்' என்று எழுதிய துணிப் பதாகையை அதன் மேல் இழுத்துக் கட்டினோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். வார்டனுக்கு அட்மிஷன் கவலை. அம்மா கண்ணில் அது படக் கூடாது என்பது என் கவலை.

கொஞ்ச நேரத்தில் தம்பி அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனான். முப்பது வருடமாக நான் கூப்பிட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வராதவள். இந்த முறை மட்டும், "அந்த ஜன்னல் ரூம் இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்திருந்தாள். கைத்தடியை ஊன்றி நின்று பதாகையை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்குப் பின்னால எழுத்து இருக்குமே" என்றாள்.

நான் பதாகையின் முடிச்சைப் பார்த்தேன்.

"படிச்சிட்டியா?"

தலையாட்டினேன். அவள் என் பக்கம் திரும்பாமல் உள்ளே நடந்தாள். யாரும் வழிகாட்டவில்லை. மாடிப்படியின் வளைவு, நீளமான தாழ்வாரம், கடைசி அறை எல்லாம் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

நாலு கட்டில் போட்ட அறை. பெண்கள் விழாவுக்காகக் கீழே போயிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அம்மாவை உட்காரவைத்து ஒரு படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். அந்தக் கட்டிலுக்கு இங்கே அவ்வளவு மவுசு. ஒவ்வொரு வருடமும் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்போம், கிடைக்காதவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அம்மா அதன் அருகில் போகவில்லை. கதவோரக் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைத் தடவினாள்.

"இது என்னோடது. அந்த ஜன்னல் கட்டில் கொட்டாவியோடது."

கொட்டாவியை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் ஹாஸ்டல் கதைகளில் வந்து எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவள். எப்போது பார்த்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டு, வார்டனம்மாவைப் போலவே நடந்து காட்டுவாள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டாள் என்று கதை முடியும். அவளுக்கு அப்படி என்ன அவசரம் என்று நான் கேட்பேன்.

"அவ எங்கம்மா போனா?" என்று இப்போதும் கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"முடியாமப் போறவங்களத்தான் ஜன்னல் பக்கம் போடுவாங்க. காத்து வரட்டும்னு. அந்தக் கட்டிலுக்கு மாத்துறாங்கன்னாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும். அவள மாத்தும்போது அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு அழுதா. நர்ஸ் விரல் விரலாப் பிரிச்சு எடுத்தாங்க."

நான் அந்தக் கட்டிலையே பார்த்தேன். பூப்போட்ட விரிப்பு, ஒரு கரடி பொம்மை, சுவரில் நடிகனின் படம். இந்த வருடச் சீட்டை நான்தான் குலுக்கினேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கட்டியிருப்பாரா? ஹாஸ்டல்ல படிக்கிறான்னு எங்க வீட்டுல சொல்லிட்டாங்க. அதையே நானும் சொல்லிட்டேன். கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது."

"குணமாகித்தானே அனுப்பினாங்க? அப்புறம் எதுக்கும்மா தனித் தட்டு, தனி டம்ளர்? எதுக்கு எங்களத் தொடாம இருந்த?" என் குரல் உயர்ந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் அடங்கவில்லை.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போம்மானு டாக்டர் சொன்னார். கொட்டாவிகிட்டயும் அப்படித்தான் சொன்னார். அவ சந்தோஷமா வீட்டுக்குப் போனா. மூணு மாசத்துல திரும்பி வந்தா. கூடவே அவ தங்கச்சியும் வந்தா. சின்னப் பொண்ணு. ராத்திரியெல்லாம் அக்காவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குமாம்."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். அம்மா எங்களை விட்டு எட்டி நின்ற ஒவ்வொரு நாளும் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்திருக்கிறது.

"மேடையில நான் என்ன பேசணும்? ஹாஸ்டல்ல படிச்சேன்னே சொல்லிடவா? உன் வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாது" என்றாள் அம்மா.

"உனக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ அதைச் சொல்லும்மா. என் வேலை கிடக்கட்டும்."

கீழே போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதாகையை அவிழ்க்கச் சொன்னேன். வார்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "எங்கம்மா இங்க இருக்கும்போதே அவங்க இருந்த இல்லத்தோட பேரை மூடி வெக்க முடியாது மேடம்" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அண்ணாந்து எழுத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

மேடையில் அம்மாவை முதல் மாணவி என்று அறிமுகம் செய்தார்கள். கை தட்டினார்கள். அம்மா மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். எட்டவே நின்று பேசினாள்.

"நான் இங்க படிக்கல. இது ஹாஸ்டல் ஆகுறதுக்கு முன்னாடி இங்க நோயாளியா இருந்தேன். வாசல்ல போட்டிருக்கு, போகும்போது படிங்க. மத்தியானம் மணி அடிச்சா பேசாமப் படுத்திருக்கீங்களே, அது எங்க நுரையீரல் ஆறணும்னு வெச்ச நேரம். ஜன்னல் கட்டிலுக்குச் சீட்டுக் குலுக்குறீங்களாம். எங்களுக்கு அது வந்துடக் கூடாதுன்னு நாங்க வேண்டிக்குவோம். அதுல என் கூட்டாளி ஒருத்தி படுத்திருந்தா. கொட்டாவின்னு கூப்பிடுவோம். நல்லா நடிச்சுக் காட்டுவா. அவளும் இங்க இருந்தவதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் அந்த வருடம் ஜன்னல் கட்டில் கிடைத்த பெண் வாயில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். தம்பி எழுந்து நின்று என்னைத் தேடினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து நீலப் பொட்டு டம்ளரை எடுத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பாதி குடித்தாள். நான் பக்கத்தில் போய் அதைக் கையிலிருந்து வாங்கினேன்.

"வேணாம், அது என் டம்ளர்" என்று பிடுங்க வந்தாள்.

"தெரியும்மா" என்று மிச்சத்தைக் குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைத்தேன். வார்டன் எழுந்து ஏதோ பேச ஆரம்பித்திருந்தார். அம்மாவின் காதில் எதுவும் விழவில்லை. என் நெஞ்சையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இருமுகிறேனா என்று.